விட்டு வா

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நானும் பொண்ணும் நல்லா இருக்கோம். உன் முதுகு வலி எப்படி இருக்கு? ரோடு போடற கேம்ப்புல வேளைக்குச் சாப்பாடு கிடைக்குதா?

போன் பண்ணினா நீ எடுக்கறதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் 'சிக்னல் இல்லைக்கா'ங்கறே. அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படிடா கணீர்னு கேட்குது? அதான் லெட்டர். ரேஷன் லாரியில தபால் வந்துடும்னு நீயே சொல்லியிருக்கே, அதனால கைக்கு வரலைன்னு கதை விடாதே.

சமாச்சாரம் என்னன்னா, எனக்கு வேலை கிடைச்சாச்சு. குடிநீர் ஆபீஸ்ல உன் மாமா பார்த்த அதே வேலை. ரெண்டு வருஷம் என்னை அலையவிட்டு இப்பத்தான் மனசு வந்திருக்கு அவங்களுக்கு. அணையில இருந்து ஊர்த் தொட்டி வரைக்கும் காட்டுக்குள்ள வர்ற அந்தக் குழாய், பதினெட்டு கிலோமீட்டர். வாரம் மூணு நாள் பைக்ல போய் வால்வு எல்லாம் பார்த்துட்டு வரணும். வண்டியும் அவரோடதுதான். ஹேண்டில்பாரை நேராக்கிக் கொடுத்துட்டாங்க.

ஆறு மாசம் தற்காலிகம். ஆகஸ்ட்ல டெஸ்ட் வைப்பாங்க. பாஸானா நிரந்தரம். இல்லைன்னா வேலையும் போச்சு, இந்த குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போறது?

முப்பத்தொன்பது வயசுல நான் ஓட்டின பெரிய வண்டி தையல் மிஷின்தான். நீ ரேஸ்ல கப்பு வாங்கினவன். அந்த ஆபீஸ்ல மெக்கானிக்கா இருந்து அத்தனை பேருக்கும் ஓட்டக் கத்துக்கொடுத்தவன். பாறை, வேரு, விழுந்து கிடக்கிற கட்டை, எல்லாத்தையும் எப்படித் தாண்டறதுன்னு ஒண்ணுவிடாம எழுது.

உன் பதிலுக்காக வாசல்லயே நிக்கிற
அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா இருக்கணும். அவளுக்கு அந்த வறட்டு இருமல் போச்சா?

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். வேற வேலை கேட்டுப் பார்த்தியா? பில் எழுதற இடம், பம்ப் ஹவுஸ், ஏதாவது. கேளு. கண்டிப்பாக் கேளு. அந்த வண்டி வேண்டாம்னாவது சொல்லு. ஷெட்டுல இன்னும் ரெண்டு நிக்கும்.

முடியாதுன்னா இதைக் கவனமாப் படி.

உட்கார்ந்து ஓட்டாதே. ஃபுட்ரெஸ்ட் மேல எழுந்து நில்லு. முட்டி லேசா மடங்கி இருக்கணும், முழங்கை ரெண்டும் வெளியே. வண்டி உனக்குக் கீழே ஆடிக்கிட்டுப் போகட்டும், நீ அதோட சேர்ந்து ஆடாதே. கிளட்ச் மேல ரெண்டு விரல் எப்பவும் இருக்கணும். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வை. வேரு குறுக்கே வந்தா நேரா ஏறு, வேரோட கூடவே போனா சக்கரம் வழுக்கும்.

கண்ணு ரொம்ப முக்கியம். கட்டையைப் பார்த்துக்கிட்டே போனா கட்டையிலதான் போய் முட்டுவே. அதுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளிப் பாரு.

முதல்ல சமதரையில பழகு. காட்டுக்கு இப்பப் போகாதே.

பாப்பாவைக் கேட்டதாச் சொல்லு.
தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைச்சல் இல்லை, உடம்பு முழுக்கக் காயம், அவ்வளவுதான். நீ நல்லா இருக்கேன்னு நம்பறேன். பாப்பாவுக்கு இருமல் போயிடுச்சு, இப்ப வாய்தான் அதிகம்.

பில் எழுதற வேலைக்குக் கணக்குப் படிச்சிருக்கணுமாம். வண்டியை மாத்தச் சொன்னதுக்கு மேற்பார்வையாளர் சிரிச்சார். உனக்குத் தெரியுமே, பல் இடுக்குல காத்து வர்றதால 'விசில்'னு கூப்பிடுவீங்களே, அவரேதான். "வண்டி என்னம்மா பண்ணும், ஓட்டறவன் சொன்ன பேச்சைக் கேட்கணும்"னார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, 'உன் புருஷன் மாதிரி பண்ணிடாதே'ங்கறார். எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா என்ன சொல்ல முடியும்? ஃபைல்ல இருக்கறதைத்தானே சொல்றார். சேர்ந்த அன்னிக்கே, உன் மாமா செத்த விபத்தைப் பத்தின பக்கத்தைக் காட்டிட்டாங்க. 'முன்னால் சென்ற பயிற்சியாளர் சொன்னதைக் கேட்காமல் வேகமாக வந்ததால்'னு இருக்கு. கீழே உன் கையெழுத்து.

ஆபீஸ் பின்னாடி மைதானத்துல நின்னுக்கிட்டு ஓட்டிப் பழகறேன். முதல் வாரம் ஏழு தடவை விழுந்தேன். குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்வாங்க. எனக்கு மீசையும் இல்லை, மூக்கு, வாய், காது எல்லாத்துலயும் மண்ணு. ஷெட்டுல இருக்கிற பசங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நேத்து விசிலோட ஜீப்புல போய், அப்புறம் நடந்து, பாதையைப் பார்த்துட்டு வந்தேன். பதினொரு கட்டை கிடக்கு. பத்து கட்டை நேரா, குறுக்கே. நாலாவது வால்வு கிட்ட கிடக்கறது மட்டும் கோணலா இருக்கு. பட்டை உரிஞ்சு, பாசி பிடிச்சு, சோப்பு மாதிரி வழவழன்னு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதை அறுத்தா மேட்டு மண்ணு சரிஞ்சு குழாய் மேல விழுமாம், அதனால தொடமாட்டாங்களாம். அதுதான் அந்த இடம்னு விசில் சொன்னார். நான் அங்கே ரொம்ப நேரம் நிக்கலை.

கோணக் கட்டையை எப்படித் தாண்டறதுடா? அதை எழுது.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு வணக்கம்.

பதில் லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. இங்கே ரோலர் ரிப்பேர், தலைக்கு மேல வேலை. உடம்பு பரவாயில்லை. உன் காயத்துக்கு மருந்து போடறியா?

கட்டை தாண்டறது இப்படித்தான். முதல்ல வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பாரு. எவ்வளவு உயரம், ஈரமா, உருளுமா. சக்கரத்தோட பாதி உயரத்துக்கு மேல இருந்தா பக்கத்துல இருக்கிற கல்லையோ சின்னக் கிளையையோ முன்னாடி அடுக்கிப் படி மாதிரி பண்ணிக்கோ. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை, ரேஸ்காரங்களே பண்ணுவாங்க.

அப்புறம் நடக்கற வேகத்துல நேரா வா. ரெண்டாவது கியர் வேண்டாம், முதல் கியரே போதும். கட்டைக்கு ரெண்டடி முன்னாடி முட்டியை மடக்கி வண்டியோட முன்பக்கத்தை அமுக்கு. அது எகிறி எழும்பறப்ப உடம்பைப் பின்னாடி சாய்ச்சு, வலது கையால ஆக்சிலேட்டரை ஒரே ஒரு முறுக்கு. முன் சக்கரம் கட்டைக்கு மேல தூக்கிடும். அது தாண்டினதும் உடம்பை முன்னாடி கொண்டு வந்துடு, பின் சக்கரம் தானா உருண்டு ஏறும். காலை நீட்டாதே. பயத்துல காலை நீட்டினவங்கதான் காலை உடைச்சுக்குவாங்க.

மைதானத்துல ஒரு பழைய மின்கம்பத்தைப் போட்டு இதையே நூறு தடவை பண்ணு.

மழைக்கு முன்னாடி செயினுக்கு எண்ணெய் போட்டுடு. ஏர் ஃபில்டரைக் கழட்டி சோப்புத் தண்ணியில அலசு.

வேற விசேஷம் இல்லை.
தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம். நீ சுகம்னு உன் லெட்டர்ல போட்டிருக்கு, நம்பிக்கறேன்.

முதல்ல நல்ல சேதி. மின்கம்பத்தைத் தாண்டிட்டேன்! நூறு தடவை இல்லை, எண்ணறதை நிறுத்திட்டேன். முன் சக்கரம் மேலே எழும்பி, கீழே இறங்கி, பின்னாடியே மத்தது உருண்டு வந்தப்ப நான் கத்தின கத்துல ஷெட்டுல இருந்து எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. பொம்பளை விழுந்துட்டான்னு நினைச்சிருக்காங்க. காட்டுலயும் பத்து கட்டையையும் தாண்டியாச்சு. நாலாவது வால்வு வந்தா மட்டும் வண்டியை நிறுத்தி, நடந்து போய் மீதியைப் பார்த்துட்டு வரேன். டெஸ்ட்ல அதெல்லாம் செல்லாதாம்.

நான் கோணக் கட்டையைப் பத்திக் கேட்டேன். நீ ஏர் ஃபில்டரைப் பத்தி எழுதியிருக்கே. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு என் கேள்வி. ஏன்டா? அந்த இடத்தைப் பத்தி எழுதினா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு பார்க்கறியா? எனக்கு அழுகை வராது. எனக்குக் கோவம்தான் வருது.

ஒண்ணு சொல்றேன், யார் கிட்டயும் சொன்னதில்லை. அவர் போன அன்னிக்கும் நான் அழலை. 'வேகமாப் போகாதீங்க'ன்னு தினம் காலையில சொல்லி அனுப்புவேன். சரி சரின்னு தலையாட்டிட்டுப் போவார். நீயும் சொல்லியிருக்கே. யார் பேச்சையும் கேட்காம, எங்க ரெண்டு பேரையும் நினைச்சுப் பார்க்காம ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்தா அதுக்கு என்ன அழுகை? ரெண்டு வருஷமா அந்தப் போட்டோ முன்னாடி நின்னு திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். போன வாரம் பொண்ணு ஹோம்வொர்க் பண்ணலைன்னு கத்தினேன். "அப்பா சொன்ன பேச்சைக் கேட்டாரா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

ரெண்டாவது தடவையாக் கேட்கறேன். கோணக் கட்டையை எப்படித் தாண்டறது?

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நலம். நலமா இரு.

லாரி கிளம்பிக்கிட்டு இருக்கு, அதனால கார்டு. வேகம் வேண்டாம். முன் சக்கரம் கட்டையைத் தொடாம தாண்டணும். பின் சக்கரம் கட்டை மேல வர்றப்ப விட்டு வா. அவ்வளவுதான்.

ஜாக்கிரதைக்கா.
தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

பயப்படாதே, உயிரோட இருந்துதான் எழுதறேன். இடது தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருக்கு. கழுத்துல துணியைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டிருக்காங்க. வலது கை நல்லா இருக்கறதால உன்னைத் திட்ட வசதியா இருக்கு.

எட்டாம் தேதி காலையில நாலாவது வால்வுக்குப் போனேன். சாரல். இன்னிக்குப் பண்ணிடணும்னு ஒரு வீம்பு. உன் கார்டை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். முன் சக்கரம் அழகாத் தாண்டிடுச்சு. பின் சக்கரம் கட்டை மேல ஏறிச்சு. விட்டு வான்னு எழுதியிருந்தியே, நானும் விட்டேன் பாரு, முழுசா முறுக்கி ஒரு விடு! சக்கரம் அந்த இடத்துலயே கரகரன்னு சுத்திச்சு, கட்டையோடவே வழுக்கிச்சு, நான் பள்ளத்துப் பக்கம். நல்லவேளை ஒரு புதர் பிடிச்சுக்கிச்சு. நாலடி தள்ளியிருந்தா பாறை.

இன்னும் வேகமா விட்டிருக்கணுமோ? இல்லை கிளட்ச்சை எதுவும் பண்ணணுமா? நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு எழுது. டெஸ்ட்டை அக்டோபர் பதினாலுக்குத் தள்ளி வச்சிருக்காங்க. அதுதான் கடைசி, அப்புறம் தவணை கிடையாதுன்னு விசில் சொல்லிட்டார். 'குடும்பமே ஒரே மாதிரி'ன்னும் சொன்னார்.

பொண்ணு என்னோட ஒரு வார்த்தை பேசலை. சாப்பாடு மட்டும் கொண்டு வந்து வச்சுட்டுப் போறா.

சீக்கிரம் பதில் போடு.
அக்கா


ஜூலை 29

அக்கா,

லெட்டர் இன்னிக்குத்தான் வந்தது. லாரிக்காரனை நிக்கச் சொல்லிட்டு எழுதறேன்.

நீ தப்புப் பண்ணலை. நான் எழுதின வார்த்தைதான் தப்பு. ரேஸ் பசங்க பாஷையில 'விட்டு வா'ன்னா, முறுக்கின கையை விட்டுட்டு வா, வண்டி தானா உருளட்டும்னு அர்த்தம். மத்த எல்லாருக்கும் வண்டியை விடறதுன்னா விரட்டறது. இது எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும்.

அன்னிக்கும் சாரல்தான். நான் முன்னாடி தாண்டிட்டேன். மாமாவுக்கு முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் கட்டை மேல நின்னுச்சு. திரும்பிப் பார்த்து "விட்டு வாங்க மாமா, விட்டு வாங்க"ன்னு கத்தினேன். அவர் சரின்னு தலையாட்டினார். முறுக்கினார். உனக்கு நடந்ததேதான் நடந்தது, அங்கே புதர் இல்லை.

நான் இறங்கிப் போனப்ப நினைவு இருந்தது. "நீதானேப்பா விடச் சொன்னே"ன்னார். கோவமாச் சொல்லலை. சந்தேகம் கேட்கற மாதிரி கேட்டார். நான் பதில் சொல்லலைக்கா. ஸ்ட்ரெச்சர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

சாயங்காலம் எழுதித் தரச் சொன்னாங்க. கத்துக்கொடுத்தவன் தப்பாச் சொன்னான்னு தெரிஞ்சா வேலை போகும், கேஸ் வரும்னு பயந்துட்டேன். சொன்னதைக் கேட்காம வேகமா வந்தார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் மூஞ்சியைப் பார்க்க முடியாமத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சிக்னல் இருக்கு இங்கே. நல்லாவே இருக்கு.

அந்த வார்த்தையை இனி வாயால சொல்றதில்லைன்னு இருந்தேன். அந்தக் கட்டையைப் பத்தி எழுதினா அது வந்துடும்னுதான் நீ கேட்கக் கேட்க வேற என்னத்தையோ எழுதினேன். கடைசியில கை அதையே எழுதியிருக்கு. உன்னையும் கொல்லப் பார்த்திருக்கேன்.

என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. பதில் மட்டும் போடு.

தம்பி


செப்டம்பர் 10

அக்காவுக்கு,

ஆறு வாரமாப் பதில் இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் போய் நிக்கறேன். தோள் கூடிடுச்சா? கையைத் தூக்க முடியுதா? பாப்பா பேசறாளா?

நீ எழுத வேண்டாம். இதை மட்டும் படி, டெஸ்ட்டுக்கு முன்னாடி.

கட்டை கோணலாக் கிடந்தாலும் நீ கோணலாப் போகக்கூடாது. இருபதடி முன்னாடியே மேட்டுப் பக்கம் ஒதுங்கிக்கோ. அங்கிருந்து வண்டியைத் திருப்பினா கட்டைக்கு நேரா வந்து நிப்பே. பட்டை இல்லாத இடத்துல மண்ணை அள்ளிப் போட்டுத் தேய். முன் சக்கரம் தாண்டற வரைக்கும்தான் வலது கைக்கு வேலை. தாண்டின உடனே முறுக்கினதை முழுக்கத் திருப்பி மூடிடு. பின் சக்கரம் கட்டை மேல இருக்கிறப்ப இஞ்சினோட வேகம் ஒரு துளிகூட அதுக்குப் போகக்கூடாது. கிளட்ச்சை அமுக்கிப் பிடிச்சுக்கோ, உடம்பை முன்னாடி கொண்டு வா, வந்த வேகத்துலயே உருண்டு இறங்கிடும். மனசுக்குச் சரியாப் படலைன்னா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ. வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்தாத்தான் செல்லாது, இறங்கித் தள்ளக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லை, அந்த டெஸ்ட் விதியை எழுதினதே நான்தான்.

இதுல புரியாத வார்த்தை ஏதாவது இருந்தா பண்ணாதே. விசில் கிட்டக் கேளு.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

நீ எப்படி இருக்கேன்னு கேட்டு எழுத ஆரம்பிச்சு மூணு தாளைக் கிழிச்சுட்டேன். எனக்குத் தோள் கூடிடுச்சு. மழை வந்தா வலிக்குது.

டெஸ்ட்ல பாஸ். நீ எழுதினபடியே மேட்டுப் பக்கம் ஒதுங்கி, நேரா வந்து, முறுக்கினதை மூடிக்கிட்டுப் போனேன். மூணு வினாடி கூட ஆகலை. இவ்வளவுதானான்னு இருந்தது. அந்தப் பக்கம் போய் வண்டியை நிறுத்திட்டுக் கீழே உட்கார்ந்துட்டேன். பின்னாடி நடந்து வந்த விசில் கிட்ட நின்னு, "பார்த்தியா, சொன்ன பேச்சைக் கேட்டா ஒண்ணும் ஆகாது. உன் புருஷனும் கேட்டிருக்கலாம்"னார். "அவர் கேட்டார் சார். கேட்டதாலதான் செத்தார்"னேன். அவருக்குப் புரியலை. உன் ஜூலை மாச லெட்டரைக் காட்டினேன். படிச்சுட்டு மடிச்சுத் திருப்பிக் கொடுத்தார்.

பொண்ணு கிட்டயும் சொல்லிட்டேன். "அப்பா பேச்சுக் கேட்காம இல்லை, மாமா சொன்னதைத்தான் செஞ்சார்"னு. அவ அழுதா. நானும் அன்னிக்குத்தான் அழுதேன். ரெண்டு வருஷம் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்டா. தலையாட்டிட்டுப் போவார்னு அதையும் குத்தமாச் சொல்லியிருக்கேன். இப்ப யார் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கறது? உன் மேல வர்ற கோவத்தை எழுதணும்னா இந்தத் தாள் போதாது. சில நாள் நீயும் செத்திருக்கலாம்னு தோணுது. அடுத்த நிமிஷம், இருக்கறவன் நீ ஒருத்தன்தானேன்னும் தோணுது. ரெண்டும் நிஜம்தான், மறைக்கலை.

ஃபைல்ல இருக்கிற அந்தப் பக்கத்தை மாத்தணும். லெட்டர் செல்லாதாம், கையெழுத்துப் போட்டவன் நேர்ல வந்துதான் எழுதித் தரணுமாம். எழுதினா உனக்கு என்ன ஆகும்னு விசில் சொல்ல மாட்டேங்கறார். கேஸ் வரலாம், வராமலும் இருக்கலாம். எதுவானாலும் நீ வரணும். அவர் பேர் அப்படி இருக்கக்கூடாது.

நவம்பர் ஏழு, வியாழக்கிழமை வா. அன்னிக்கு எனக்குக் காட்டுல டியூட்டி, அதனாலதான் அந்தத் தேதி. எதிர்ல வந்து நிக்காதே, என்னால இப்ப முடியாது. ஆபீஸ் வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போ. பொண்ணு ஸ்கூல்ல இருந்து நாலு மணிக்கு வருவா, கதவைத் திறப்பா. அடுப்பு மேல சாப்பாடு மூடி வச்சிருப்பேன். சூடு பண்ணிச் சாப்பிட்டுட்டு, நான் வர்றதுக்குள்ள கிளம்பிடு.

அக்கா